தண்ணீர் குனியும் இடம்

வலது கை நடுவிரலில் இருந்த மைக்கறை மட்டும் போகவே மாட்டேன் என்றது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை முக்கி முக்கி, மூன்றாம் முறையாக அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் மழித்தாயிற்று. தலை வாரியாயிற்று. வெளுத்த சட்டை மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டாயிற்று. பேனா அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன அந்த ஒரு விரல் மட்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து வேலைக்குப் போகப்போகிற மனிதனின் விரல் மாதிரியே இருந்தது.

"விடும்மா, தோல் உரிஞ்சிடப் போகுது," என்றாள் மகள். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"உங்கப்பாவுக்கு அழுக்கா இருந்தா பிடிக்காது."

"அது அழுக்கு இல்லம்மா. மை."

அவள் துணியைப் பிழிந்து கிண்ணத்தின் விளிம்பில் போட்டாள். கணவரின் கையை எடுத்து அவர் மார்பின் மேல் வைத்தாள். அது வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

நேற்று நண்பகலில் இறந்துபோன அவரை அணைக்கட்டுக் குடியிருப்பில் எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கசியாத அணை உலகத்தில் கிடையாது. எவ்வளவு கசிகிறது என்று நாள் தவறாமல் அளந்து எழுதுவது அவர் வேலை. அணையின் இடது கரை அடிவாரத்தில், கசிந்து வரும் நீரெல்லாம் சேர்ந்து ஓட ஒரு சிமென்ட் வாய்க்கால் உண்டு. அதன் குறுக்கே ஓர் இரும்புத் தகடு. தகட்டின் நடுவில் முக்கோணமாக ஒரு வெட்டு. அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறி வழிகிறது என்று பார்த்தால் போதும், வினாடிக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று அட்டவணை சொல்லிவிடும். இருபத்தாறு வருடமாக அவருடைய அளவுப் புத்தகத்தில் ஒரு நாள் கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை.

"நீ எத்தனை மணிக்குப் பொறந்தேன்னு உங்கப்பாவைக் கேட்டா திருதிருன்னு முழிப்பாரு," என்று மகளிடம் அவள் குத்திக்காட்டுவதுண்டு. "அன்னைக்குக் கசிவு எவ்வளவுன்னு கேளு, டக்குனு சொல்லுவாரு."

ஆனால் கடைசி எட்டு மாதமாக அளந்தது அவர் அல்ல. அது அவருக்கும் அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

வீட்டிலிருந்து அந்த வாய்க்காலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். நுரையீரல் கெட்டுப்போன பிறகும் அவர் இறங்கிக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் காலையில் திரும்பி வரும்போது முப்பதாவது படியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. குழந்தை மாதிரி கையை ஊன்றி ஊன்றி ஏறி வந்தார். "நாளைலேருந்து நான் போறேன்," என்றாள் அவள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு தானே இறங்கினார். மூன்றாம் நாள் இரும்பு அளவுகோலை அவள் கையில் கொடுத்தார்.

"உடம்புக்கு முடியலன்னு எழுதிக் கொடுத்தா வேற ஊருக்கு மாத்துவாங்க. அந்தக் கட்டத்துல எவனாவது வந்து வாய்க்கு வந்ததை எழுதுவான். இன்னும் பத்து மாசம். அப்புறம் ஓய்வு. அதுவரைக்கும் மட்டும்," என்றார். பிறகு, "வெட்டோட அடிநுனியிலிருந்து தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாரு. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூட செஞ்சிடும்," என்றார்.

அவள் ஒரு வாளியும் வாளிக்குள் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு, துணி துவைக்கப் போகிறவளைப் போல இறங்குவாள். திரும்பி வந்ததும் கட்டிலில் இருந்தபடி அவர் இரண்டே கேள்வி கேட்பார்.

"எவ்வளவு?"

"பத்து."

"தண்ணி தெளிவா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு."

முதல் நாள் அந்தப் பத்தைக் கேட்டு அவர் புருவம் ஏறியது. அதற்கு முந்தின வாரம் முழுக்கப் பன்னிரண்டு. திரும்பவும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனாள், பத்துதான். மறுநாளும் பத்து. "வண்டல் போய் உள்ள அடைச்சிருக்கும். அப்படி நடக்கறது உண்டு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நீங்க தினம் போய் முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா அது எப்படிக் குறையும்?" என்றாள் அவள். "பொம்பளையக் கண்டதும் வெக்கப்பட்டு அடங்கிடுச்சு."

இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கண்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தன் அணை தானாகவே தேறி வருகிறது என்ற சந்தோஷத்தில்தான் அந்த எட்டு மாதத்தையும் அவர் ஓட்டினார். நேற்றுக் காலை பத்தரை என்று சொன்னாள். மூன்று தடவை பேனாவை நழுவவிட்டு, நான்காம் தடவை எழுதினார். கையெல்லாம் மை. நண்பகலில் மூச்சு நின்றது.

*

முன்னறையில் நாற்காலிகள் வந்து இறங்கின. அணைக்குக் கீழே ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து ஒருவர் நாலு நாலாகத் தலையில் சுமந்துகொண்டு ஏறி வந்தார். முகம் மழிக்க வந்தவர் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். ரொட்டிக்கடைக்காரி கடையைப் பூட்டிவிட்டுக் காலையிலேயே வந்து அடுக்களையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். "நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன். எனக்கு இப்ப தலை வலிக்குது, பாத்துக்க," என்று மிரட்டி, அவளை அரை டம்ளர் தேநீர் குடிக்க வைத்தாள். இப்படிப்பட்ட மிரட்டல்களின் வழியாகத்தான் துக்க வீட்டில் கடவுள் நடமாடுகிறார் போலிருக்கிறது.

நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. இரண்டு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. அணையின் சீரமைப்புத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறியாளர் இறங்கி வந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். அளவுக்காரரின் காலடியில் தலை குனிந்து வெகுநேரம் நின்றாள். அப்புறம் யாரோ இழுத்துப் போட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவர் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதும்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சொல்லும்மா."

"மூணு வருஷமா இந்த அணையில முக்கால்வாசிக்கு மேல தண்ணி நிறுத்த அனுமதி இல்ல. இடது கரையில கசிவு அதிகம்னு. உங்க வீட்டுக்காரர் அளவுல எட்டு மாசத்துக்கு முன்னாடி அது குறைஞ்சுது, அப்படியே நின்னுடுச்சு. அதை வச்சுத்தான் நாங்க திட்டத்தையே மாத்தினோம். வலது கரையும் ஷட்டரும் முதல்ல. இடது கரைக்குள்ள சிமென்ட் கரைசல் ஏத்தற வேலைய அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கி முழு மட்டத்துக்கு நிரப்பறோம். அவர் இருந்து பார்த்திருக்கணும்."

ரொட்டிக்கடைக்காரி டம்ளர் தட்டோடு அப்படியே நின்றாள். "அப்ப இந்த வருஷம் குழாயில தினமும் தண்ணி வருமா, பொறியாளரம்மா?"

"வரும்மா."

துக்க வீட்டில் சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் கீழ்க்குடியிருப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மனைவிக்கு மட்டும் அந்தப் புகழ்ச்சி உறுத்தியது. அவர் அளவு என்கிறாள் இந்தப் பெண். இருக்கட்டும், அவர் பேரிலேயே இருக்கட்டும், என்று தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் மதகுக்காரர் வாயைத் திறந்தார். ஷட்டர்களை ஏற்றி இறக்கும் வேலை. அணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பேசியே பழக்கமான குரல். குடியிருப்பில் அவருக்கு இடி என்று பெயர். காலையிலிருந்து ரகசியம் பேசுகிறேன் பேர்வழி என்று படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் கையால முதுகுல ஒரு அறை வாங்கினவன் மேடம் நான். எங்க ரெண்டு பேர் சிநேகிதமே அதுலதான் ஆரம்பிச்சுது," என்றார் இடி. "வேலைக்குச் சேர்ந்த புதுசு. என்னையும் கூட்டிட்டு வாய்க்காலுக்கு இறங்கினாரு. நீ அளந்து சொல்லுடான்னாரு. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஸ்கேலைக் கொண்டுபோய் அந்த வெட்டுலயே, தகட்டு மேலயே வச்சு 'எட்டு'ன்னேன். விட்டாரு பாருங்க ஒண்ணு!"

நாற்காலிகளில் மெல்லச் சிரிப்பு ஓடியது.

"'மடப்பயலே, தகட்டுகிட்ட தண்ணி குனிஞ்சு போகுதுடா! நெட்டையா இருக்கிறவன் வாசல்ல நுழையறப்போ தலையைக் குனிவான் பாரு, அந்த மாதிரி. குனிஞ்சவனை அளந்து அதான் அவன் உயரம்னு எழுதுவியா? நாலடி பின்னாடி போ. அங்க சுவத்துல வெட்டோட அடிநுனிக்குச் சரிமட்டமா ஒரு பித்தளைக் குமிழ் இருக்கு. அங்க தண்ணி நிமிர்ந்து நிக்கும். அது மேல வச்சு அள'ன்னாரு. வச்சேன். ஒன்பதரை! முதுகு ஒரு வாரம் எரிஞ்சுது. ஆனா சாகற வரைக்கும் மறக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அழுது அழுது வீங்கியிருந்த மகளும் சிரித்தாள்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதம். வாய்க்கால் ஓரத்துக் கல்லின் மேல் ஒரு காலை வைத்து, குனிந்து, தகட்டின் வெட்டிலேயே அளவுகோலை ஊன்றி. வெட்டின் அடிநுனியிலிருந்து பார் என்றாரே, நாலடி பின்னால் என்று சொல்லவில்லையே. எப்படிச் சொல்வார்? அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. எப்படி மூச்சு விடுவது என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

"ஏம்மா," என்றாள் பொறியாளரிடம். குரல் தன்னுடையது போலவே இல்லை. "பன்னெண்டு இருக்கிறதைப் பத்துன்னு எழுதிட்டா பெரிய வித்தியாசம் வருமா?"

மனதைத் திருப்பப் பேசுகிறாள் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். பொறுமையாகச் சொன்னாள். "வரும்மா. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தண்ணி காணாமப் போயிடும். ஆனா அந்தத் தப்பு பண்ற ஆளா அவரு?"

*

அடுக்களையில் மகளை ஓரமாக இழுத்து நிறுத்தினாள். ரொட்டிக்கடைக்காரி முன்னறைக்குத் தட்டு எடுத்துப் போயிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"தப்பு பண்ணினது நான்."

"என்னம்மா சொல்ற?"

"எட்டு மாசமா கையெழுத்துதான் அப்பாவோடது. அளந்தது நான். இடி சொன்னாரே, அதே மாதிரி தகட்டுலயே வச்சு."

மகளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் கதவைச் சாத்தினாள்.

"யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"அம்மா, அப்பா இன்னும் வீட்டை விட்டே போகல. அங்க உக்காந்து அத்தனை பேரும் அவரை மாதிரி ஒரு ஆள் உண்டான்னு பேசிட்டிருக்காங்க. இந்த நேரத்துல போய், அவர் அளக்காமலே கையெழுத்துப் போட்டாருன்னு நீயே சொல்லப் போறியா? நாளைக்குச் சொல்லேன். நாளன்னைக்குச் சொல்லேன். உன்னை யாரு வேண்டாம்னா?"

"நாளைக்கு ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கறாங்களே!"

"அதுக்கு முன்னாடி ஏதாவது..." மகள் நிறுத்திக்கொண்டாள். அடுக்களை ஜன்னலில் அணையின் கரை தெரிந்தது. அதற்குக் கீழே ஆறு. ஆற்றை ஒட்டி, ஓட்டுக்கூரையும் தகரமுமாய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள். நாற்காலி சுமந்து வந்தவரின் வீடு அங்கே. ரொட்டிக்கடையும் அங்கேதான்.

அவள் மகளின் கையைப் பிடித்தாள். "எனக்கு மட்டும் ஆசையா? அவர் பேரு கெட்டுப்போறதைப் பார்க்க என் வயிறு எரியுதுடி. சொல்லாம இருந்துடலாம்னு இப்பகூட மனசு கிடந்து அடிச்சுக்குது. ஆனா நாளையிலேருந்து அந்தத் தண்ணி ஏறுமே. நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?"

தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. மகள் அடுப்பை அணைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வாசல் பக்கம் போய், அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் போட்டாள்.

"பின்பக்கமாப் போ. ஒரு தடவை சரியா அளந்து பாரு, அப்புறம் பேசலாம். நான் அவங்களை அனுப்பி வைக்கறேன். அப்பாகிட்ட நான் உக்காந்திருக்கேன்." பிறகு, "படி வழுக்கும், பாத்து," என்றாள்.

*

இன்று வாளியும் இல்லை, துண்டும் இல்லை. அளவுகோலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். எட்டு மாதமாகப் பழகிய படிகள்தான். ஆனால் இன்று ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம் கூடிவிட்ட மாதிரி இருந்தது. இடது பக்கம் மதில் மாதிரி கரை ஏறிக்கொண்டே போனது. அதன் அந்தப் பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் சாய்ந்துகொண்டு நிற்கிறது என்பதை அவள் இதற்கு முன் நினைத்ததே இல்லை. அவர் இருந்தார், அதனால் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆண்டவனே, தண்ணி மட்டும் தெளிவா இருக்கட்டும். வேற எதுவும் கேட்கல. தெளிவா மட்டும் இருக்கட்டும்.

கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அளவைவிட அதுதான் முக்கியம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இரண்டாவது கேள்வியை ஒரு நாளும் விட்டதில்லை.

வழக்கமான கல்லின் மேல் காலை வைத்து, வழக்கம்போல் வெட்டில் அளவுகோலை ஊன்றினாள். பதினொன்று. நேற்றைவிட அரை கூட.

இப்போது கூர்ந்து பார்த்தாள். தண்ணீர் குனிவது நன்றாகவே தெரிந்தது. தகட்டை நெருங்குகிற வரை கண்ணாடி மாதிரி மட்டமாக வந்த நீர், வெட்டின் அருகே வந்ததும் வளைந்து, சரிந்து, நழுவி விழுந்தது. எட்டு மாதமாக இதே இடத்தில் நின்றிருக்கிறாள். எண்ணைத்தான் பார்த்தாள், தண்ணீரைப் பார்க்கவில்லை.

நாலடி பின்னால் போய்க் குனிந்தாள், குமிழ் கண்ணில் படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள்ளேயே இறங்கினாள். சில்லென்ற தண்ணீர் கெண்டைக்கால் வரை ஏறி, ஆடையின் கீழ்விளிம்பை இழுத்தது. சுவரைத் தடவினாள். பாசிக்கு அடியில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினாள். பித்தளை. எட்டு மாதமாக அவள் கண்ணில் படாத குமிழ். வாய்க்காலை விட்டு வெளியே ஏறி, அலை அடங்கும்வரை காத்திருந்து, சுவரோரம் படுத்த மாதிரி கவிழ்ந்து, அளவுகோலைக் குமிழின் மேல் நிறுத்தினாள்.

பதின்மூன்று.

எழுந்திருக்கவில்லை. அப்படியே கையைக் குவித்து ஒரு கை தண்ணீரை அள்ளினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். உள்ளங்கை ரேகைகள் அத்தனையும் தெரிந்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை.

"அண்ணி!" மேலேயிருந்து இடியின் குரல் கரையில் மோதித் திரும்பியது. அவரும் பொறியாளரும் படி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மகள் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்பது அந்தப் பெண்ணின் முகத்திலேயே தெரிந்தது; பதற்றம் மட்டும் இருந்தது. இறங்கி வந்தவள், நனைந்த ஆடையையும் அளவுகோலையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பதாவது படி, வாளி, துண்டு, வெட்டின் மேல் வைத்த அளவுகோல், அவர் எழுதிய எண்கள். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றுக்கும் சாக்குச் சொல்லவில்லை.

பொறியாளர் அளவுகோலை வாங்கிக்கொண்டாள். ஈரச் சிமென்ட்டில் மண்டியிட்டு, குமிழின் மேல் தானே அளந்தாள். மறுபடியும் அளந்தாள். பையிலிருந்து அட்டவணையை எடுத்து விரலை ஓட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"எட்டு லிட்டருக்கு மேல," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்கு நாங்க..." எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் போனில் பேசினாள். "ஷட்டரை இறக்க வேண்டாம். ஆமா, வேண்டாம். இருக்கிற மட்டத்தையும் குறைக்கணும், மெதுவா. இடது கரை வேலை முதல்ல வருது. திட்டத்தைத் திரும்ப எழுதணும். இல்ல, என் பொறுப்பு, நான் சொல்றேன்."

இடி ஒரு படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் மேலேயிருந்து பாத்திருக்கேன் அண்ணி. தினமும்," என்றார். இந்த ஒரு முறை அவர் குரல் உண்மையாகவே தணிந்திருந்தது. "துணி துவைக்கப் போறவங்க எட்டு மாசமாவா ஒரே துண்டைத் துவைப்பாங்க? அண்ணனுக்கு முடியலன்னு புரிஞ்சுது. வாயை மூடிட்டு இருந்தேன். அதான் உதவின்னு நினைச்சேன். அங்கேருந்து பாத்தா நீங்க எறும்பு மாதிரி தெரியறீங்க. ஸ்கேலை எங்க வைக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேல என்ன தப்பு?" என்றாள் அவள்.

பொறியாளர் திரும்பி வந்தாள். "என் மேல இருக்கு. ஒரே நாள்ல பன்னெண்டு பத்தாச்சு. கசிவு அப்படி ஒரே நாள்ல குறையாது. எனக்கு உறுத்துச்சு. நானே ஒரு தடவை இறங்கி வந்து பாத்திருக்கணும். அவர் கையெழுத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன்."

"அவரு என்னை நம்பி எழுதினாரு," என்றாள் அவள்.

பொறியாளர் அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவர் பேரை என்னம்மா பண்ணப் போறீங்க?"

அந்தப் பெண் தயங்கினாள். பொய்யான ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. "எழுதித்தான் ஆகணும்மா. எட்டு மாசம் அளந்தது அவர் இல்லைன்னு எழுதாம இந்த எண்களைத் திருத்த முடியாது. திருத்தலன்னா திட்டம் போட முடியாது." பிறகு எதையோ நினைத்துக்கொண்டு அருகில் வந்தாள். "ஒண்ணு கேக்கறேன். தினமும் இதே இடத்துலதான் வச்சீங்களா?"

"இதே இடம். இந்தக் கல்லு மேல கால் வச்சு."

"ஒரு நாளாவது இறங்காம, வீட்டுலேருந்தே பத்துன்னு சொன்னதுண்டா? மழையில? உடம்பு முடியாதப்போ?"

"ஐயோ, இல்லம்மா! குடை பறந்துபோய் நனைஞ்ச அன்னைக்குக்கூட வந்தேன். நேத்து அவருக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தப்பகூட ஓடி வந்துட்டுப் போனேன்."

"அப்ப திருத்திடலாம்." பொறியாளரின் குரலில் முதல் முறையாக உயிர் வந்தது. "இறங்காம எழுதியிருந்தா எட்டு மாசமும் குப்பைம்மா. தூக்கித்தான் போடணும். நீங்க ஒரே தப்பை, ஒரே இடத்துல, ஒரு நாள் விடாம செஞ்சிருக்கீங்க. குனிஞ்ச உயரத்தை அளந்தா நிமிர்ந்த உயரத்தைக் கண்டுபிடிச்சிடலாம். ஒரு நாளும் விட்டுப்போகல. அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."

அவளுக்கு அது முழுக்கப் புரியவில்லை. ஆனாலும் 'ஒரு நாளும் விட்டுப்போகல' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொய்யை மன்னிக்கலாம், திருத்த முடியாது. உண்மையாகச் செய்த தப்புக்குக் கடவுள் எங்கேயோ ஒரு வழி வைத்திருக்கிறார்.

"அண்ணி, மணி மூணே முக்கால்," என்றார் இடி எழுந்தபடி.

இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறும்போது பொறியாளர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு யார் துணை என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அடுக்களை வாசலில் மகள் நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வழிவிட்டாள்.

*

அடக்கத்துக்குக் கீழ்க்குடியிருப்பே ஏறி வந்திருந்தது. பெட்டியை ஒரு பக்கம் இடியும் நாற்காலி சுமந்தவரும் பிடித்திருந்தார்கள். பொறியாளர் கடைசி வரிசையில் நின்றாள். முழங்கால் இரண்டிலும் பாசியும் சேறும் வட்டமாக அப்பியிருந்தன. தோண்டிய மண் குவியலின் ஓரத்தில் அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி இறங்கியது. கயிறுகள் மேலே வந்தன. கூட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள். அவளும் போட்டாள்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது ரொட்டிக்கடைக்காரி பக்கத்தில் வந்தாள். அவளைப் பார்த்ததும், சொல்லிவிட வேண்டும் என்று இவளுக்குத் தோன்றியது. வேறு யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால்.

"அக்கா, குழாய்த் தண்ணி... இந்த வருஷமும் முன்ன மாதிரிதான். தினமும் வராது. என்னால..."

"தண்ணி கெடக்குது விடு," என்றாள் ரொட்டிக்கடைக்காரி. "கீழெல்லாம் என்ன இப்படி நனைஞ்சு கெடக்கு? சளி பிடிச்சிக்கப் போகுது."

சொல்லிக்கொண்டே மண்ணில் குந்தி உட்கார்ந்தாள். இவளுடைய ஆடையின் ஈர விளிம்பைக் கொத்தாகப் பிடித்து, துணி துவைக்கிறவள் மாதிரி இரண்டு கையாலும் முறுக்கினாள். தண்ணீர் சொட்டியது. கொஞ்சம் நகர்ந்து அடுத்த பிடியைப் பிடித்தாள். புதிதாகத் தோண்டிய மண்ணில் ஒவ்வொரு சொட்டும் விழுந்து, கறுத்து, உள்ளே இறங்கியது.